இறங்க ஓர் இடம்

புறப்பட்ட பிறகு திரும்புவது அவருக்குப் பிடிக்காது. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்த பிறகு மூக்குக் கண்ணாடியை மறந்தது நினைவுக்கு வந்தால், அங்கேயே நின்று சாவியை என்னிடம் நீட்டுவார். "நீ போய் எடுத்துக்கினு வா டீச்சர். நான் கெளம்பிட்டேன்" என்பார். நான் ஓடிப்போய் எடுத்து வருவேன். அதுவரை அவர் ஏரிப் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருப்பார். வந்த வழியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த கோட்டைக்குப்பத்தில் அவருக்கு நண்டுக்காரம்மா என்று பெயர். ஏரியில் பிடிபடும் சேற்று நண்டுகளை வாங்கி, கால்களைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கு விரித்த கூடைகளில் உயிரோடு சென்னைக்கு அனுப்புவார். அங்கிருந்து அவை விமானம் ஏறி வெளிநாடு போகும். நான் அப்போது பழவேற்காட்டுப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியை. அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவருக்கு நான் கடைசிவரை டீச்சர்தான்.

ஒருமுறை பொன்னேரியில் இருவரும் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டோம். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதுதான் அது ஆந்திர எல்லைப் பக்கம் போகிறது என்று தெரிந்தது. நான் பதறி எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "எங்க போவுதோ அங்க போவோம். இப்ப இன்னா கொறஞ்சி போச்சு?"

எளாவூரில் இறங்கினோம். சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சாலையோரம் இரண்டு பெண்கள் வாளியில் நண்டு வைத்து விற்பதைப் பார்த்தார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு அவர்களிடம் போய்க் குந்திவிட்டார். தெலுங்கும் தமிழும் கலந்து ஒரு பேச்சு. வெயில் சாய்வதற்குள், அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பிடிக்கும் நண்டு தினமும் கோட்டைக்குப்பத்துக்கு வந்து சேர ஏற்பாடாகிவிட்டது. வரும் வழியெல்லாம் என் விலாவில் இடித்துக்கொண்டே வந்தார். "பாதியில எறங்கியிருந்தா கெடச்சிருக்குமா? சொல்லு."

சிரிக்க முடியாத கதையும் உண்டு. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில், மணல் திட்டின்மேல் அலை உடையும் ஒரு நாள். வெளியே கடலில் நின்ற ஒரு படகிலிருந்து நண்டு எடுத்துவர அக்கா கிளம்பியிருந்தார். படகை ஓட்டியது அவருடைய கொழுந்தன், கணவரின் தம்பி. ஏரியிலும் கடலிலும் வளர்ந்தவர். அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, "அண்ணி, அலை சரியா இல்ல. நாளைக்கு வர்லாம்" என்றார். "கெளம்பியாச்சு. நீ போ" என்றார் அக்கா. முதல் அலையைத் தாண்டினார்கள். இரண்டாவது அலை படகைத் தூக்கிப் போட்டது. கொழுந்தன் இன்ஜின் மேல் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. அந்த நிலையிலும் வெளியே போய், நண்டை ஏற்றிக்கொண்டுதான் வந்தார்கள்.

கொழுந்தன் நெடுநாள் கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார். அக்கா அவர் வீட்டுக்கு இரு வேளையும் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொழுந்தனும் கேட்கவில்லை. அவருடைய மனைவி மட்டும் குழம்புப் பாத்திரத்தை வாங்கி வைப்பாரே தவிர, அக்காவிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஹாலில் கணவரின் படம் மாட்டியிருந்தது. யாராவது அதைப் பார்த்தால் அக்கா சொல்வார்: "பாதியில திரும்பற ஆளுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு சொன்னாரு எங்க நைனா. தேடித் தேடி இவரைத்தான் புடிச்சாரு."

இப்படிப்பட்டவர் ஒரு நாள் நண்டுக் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். கொழுந்தன் சிரித்தார். கயிறு கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். மறுவாரமே மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். கண், காது, இதயம் எல்லாம் பார்த்துச் சரி என்றுவிட்டார்கள். தோணிரேவுப் பக்கம் இருந்த இறால் குட்டையை விற்றார். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

"சொந்தமா பறக்கறதுக்கு ஒரு லைசென்ஸ் இருக்குது. பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா போதும். நான் பண்ணியிருக்கேன்" என்று என்னிடம் வந்தார். "பரீட்சை மட்டும் இங்கிலீஷுல. அதுக்கு நீ இருக்கே."

எதற்காக என்று கேட்டேன். கூடைகளை எண்ணப் போய்விட்டார். கொழுந்தன்தான் சொன்னார்.

நான் அந்த ஊருக்கு வருவதற்குச் சில வருடங்கள் முன்பு ஒரு பெருமழை. ஏரி ஊருக்குள் வந்துவிட்டது. எல்லோரும் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மொட்டை மாடியில் இருந்தார்கள். அங்கேதான் அக்காவின் கணவருக்கு நெஞ்சு வலி வந்தது. சாலை தண்ணீருக்குள். படகில் கொண்டுபோகலாம் என்றால் காற்று விடவில்லை. மதியம்போல ஒரு ஹெலிகாப்டர் வந்தது. பெண்கள் புடவைத் தலைப்பை ஆட்டினார்கள். கட்டடத்துக்குப் பின்னால் மேடாக ஒரு திடல், அது ஒன்றுதான் தண்ணீருக்கு வெளியே இருந்தது. சுற்றிலும் சவுக்கு மரம். ஹெலிகாப்டர் அந்தத் திடலுக்கு நேராக இறங்கி வந்தது. முகம் தெரியும் அளவுக்குக் கிட்டே வந்தது. பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டது. அக்காவின் கணவர் பொழுது சாய்வதற்குள் இறந்துபோனார்.

"அண்ணிக்கு அழுகையே வரல டீச்சர். அது போன பக்கமே பாத்துக்கினு, 'திரும்பிப் போறான் பாரு, திரும்பிப் போறான் பாரு'ன்னு அதையேதான் சொல்லிக்கினு இருந்துது" என்றார் கொழுந்தன்.

படிப்பு தொடங்கியது. காற்று, மேகம், வரைபடம், வான்வழிச் சட்டம் என்று ஒவ்வொரு புத்தகமாக வந்தது. நான் ஆங்கிலத்தை உடைத்துச் சொல்வேன்; பொருள் பல இடங்களில் எனக்கே புரியாது. இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கட்டுப்பாட்டு அறையோடு வானொலியில் பேசும் முறைக்குத் தனிப் பரீட்சை. அதற்காக நான் மாடியிலிருந்து போனில் பேசுவேன், அவர் கீழே நண்டுக் கொட்டகையில் நின்று பதில் சொல்வார். எழுத்துகளுக்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று பெயர் உண்டல்லவா? நண்டு கட்டும் பெண்கள் அதைக் கேட்டுக் கேட்டு, கூடைகளுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். "சார்லில இன்னும் ரெண்டு நண்டு போடு" என்று குரல் வரும்.

அந்தப் படிப்பில்தான் எங்களுக்கு ஒரு செய்தி கிடைத்தது. வரைபடத்தில் எங்கள் ஏரியின்மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தது. பக்கத்தில் ராக்கெட் ஏவும் தீவு இருப்பதால் தனியார் யாரும் அங்கே பறக்கக்கூடாது. "நம்ம ஊர் மேலயே பறக்க முடியாதே அக்கா" என்றேன். "நான் நம்ம ஊர் மேல பறக்கணும்னு யாரு சொன்னது?" என்றார். "அப்புறம் எதுக்கு?" என்றேன். அப்போதுதான் அவர் வாயால் சொன்னார். "அன்னிக்கு அவன் எறங்கியிருக்கலாமா, கூடாதா? எனக்கு அது தெரியணும். யாரைக் கேட்டாலும் ஒண்ணு சொல்வான். நானே ஒக்காந்து பாத்தாத்தான் தெரியும்."

அவர் மனதில் பதில் ஏற்கெனவே இருந்தது என்று எனக்குத் தோன்றியது. இறங்கியிருக்கலாம் என்று நிரூபிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குப் பயமாக இருந்தது.

பக்கத்து மாநிலத்தில், வறண்ட மேட்டு நிலத்தில் இருந்தது பயிற்சிப் பள்ளி. கோடை விடுமுறையில் துணைக்கு நானும் போனேன். ஆசிரியர் ராணுவத்தில் ஓட்டி ஓய்வு பெற்ற மலையாளி. தமிழ் பேசுவார். ஹெலிகாப்டர் நான் நினைத்ததைவிடச் சின்னது, ஆட்டோவுக்கு வால் முளைத்ததுபோல இருந்தது.

முதலில் தரைக்கு ஓர் ஆள் உயரத்தில், அசையாமல் ஒரே இடத்தில் நிறுத்தப் பழக வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. இடது கை ஏற்றி இறக்கும், வலது கை முன்பின் பக்கவாட்டில் நகர்த்தும், கால்கள் மூக்கைத் திருப்பும். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் மாறும். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். அக்கா ஓட்டும்போது அந்த இயந்திரம் கயிறு கட்டிய கன்றுக்குட்டி மாதிரி இங்கும் அங்கும் இழுபடும்.

"பிடிக்காதீங்க மேடம். தொட்டாப் போதும்" என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருப்பார். அக்கா இறங்கி வரும்போது கைவிரல்கள் மடங்கினபடியே இருக்கும். நான் ஒவ்வொன்றாக நீவி விடுவேன். ஒரு காலைப்பொழுதில் திடீரென்று அது அந்தரத்தில் அசையாமல் நின்றது. புல் மட்டும் அடியில் படுத்துப் படுத்து எழுந்தது. அன்று அக்கா மூன்று தோசை தின்றார்.

அதன் பிறகு ஒரு நாள் டீக்கடையில் ஆசிரியரிடம் மழை நாள் கதையைச் சொன்னார். டம்ளரைக் கட்டடமாகவும், பிஸ்கட்டைத் திடலாகவும் வைத்துக் காட்டினார். சுற்றிலும் தீக்குச்சிகளை மரமாக வைத்தார்.

"எறங்கியிருக்கலாமா சார்?"

"எனக்குத் தெரியாது மேடம். அந்தச் சீட்டுல நான் இல்லையே."

"நீங்களா இருந்தா?"

"நான் இல்லை மேடம்" என்று மறுபடியும் சொன்னார். அக்காவுக்குக் கோபம். அன்று முழுவதும், "ஒருத்தருக்கொருத்தர் உட்டுக் குடுக்க மாட்டானுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பாடம், மரங்கள் சூழ்ந்த சின்ன இடத்தில் இறங்குவது. பள்ளிக்குச் சற்றுத் தொலைவில், தைல மரங்களுக்கு நடுவே அதற்கென்று ஒரு வெற்றிடம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும், இறங்காமல் மேலே போய்விடுவதற்கான ஒரு வழியையும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பாடமே. கொஞ்சம் பிசகினாலும் விட்டுவிட்டு ஏறிவிட வேண்டும். அக்கா ஏற மாட்டார். காற்று தள்ளினாலும், கோணம் தவறினாலும், எப்படியாவது கீழே கொண்டுபோகப் பார்ப்பார். ஒருமுறை வால் மரத்தை நெருங்கியபோது ஆசிரியர் கட்டுப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டார். தரையிறங்கியதும் அவர் கத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னதாக அக்கா என்னிடம் சொன்னார்: "மேடம், நீங்க நல்லா ஓட்டறீங்க. ஆனா உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன். உங்களுக்குத் திரும்பத் தெரியலை."

அன்று பிற்பகலே பெட்டியைக் கட்டினார். ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டார். "இப்ப நான் திரும்பித்தானே போறேன் டீச்சர்" என்றார் பாதி வழியில். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

மழைக்காலம் முழுவதும் ஹெலிகாப்டர் பேச்சு எடுக்கவில்லை. ஒரு நாள் குழம்பு எதுவும் கையில் இல்லாமல் கொழுந்தன் வீட்டுக்குப் போனார். கொழுந்தனின் மனைவி என்னிடம் பின்னால் சொன்னது: "வந்து ஒக்காந்துது. 'அன்னிக்குப் படகுல அவன் சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்'னு சொல்லிச்சு. அவ்ளோதான். டீ குடிச்சிட்டுப் போச்சு." அதற்குப் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு வந்தது.

மறு கோடையில் பயிற்சிக்குப் போனோம். ஆசிரியர் பழைய பாடத்தை முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை அக்கா ஏறச் சொன்னால் ஏறினார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏறினார் என்பது கீழே இருந்த எனக்கே தெரிந்தது. கொஞ்ச நாளில் பள்ளி மைதானத்தைச் சுற்றித் தனியாகப் பறக்க விட்டார்கள். பிறகு ஒரு நாள், அந்தத் தைல மரத்து வெற்றிடத்துக்குத் தனியாகப் போய் இறங்கி எழும்பி வர அனுமதித்தார்கள்.

நான் வேலியோரம் காத்திருந்தேன். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் சத்தம் கேட்டது. இயந்திரக் கோளாறோ என்று ஆட்கள் ஓடினார்கள். ஹெலிகாப்டர் ஒழுங்காக வந்து, ஒழுங்காக உட்கார்ந்தது. இறக்கை நின்றதும் அக்கா இறங்கி நடந்து வந்து, என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார்.

"இன்னா ஆச்சு அக்கா?" என்றேன். அவர் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எறங்கல."

ஆசிரியரும் வந்து நின்றார். அக்கா அவரைப் பார்க்காமல் என்னிடமே சொன்னார். "அந்த எடத்துக்கு ஓரமா கடலக்கா புடுங்கறாங்க. பொம்பளைங்க. நான் எறங்கி வர்றத பாத்துட்டு வேலைய உட்டுட்டு ஓடி வந்தாங்க. தலைத்துணிய அவுத்து ஆட்டறாங்க. எனக்கும் எறங்கணும்னுதான் இருந்துது. அப்பதான் ஒரு கம்பம் தெரிஞ்சுது. போன வாட்டி இல்லாத கம்பம். அந்தாண்ட பாத்தா இன்னொண்ணு. நடுவுல கம்பி தெரியல. ஆனா ரெண்டு கம்பம் நிக்குதுன்னா நடுவுல கம்பி இருக்கணும்ல? ஏறிட்டேன்."

"எந்தப் பக்கம் கம்பம்?" என்றார் ஆசிரியர். மேற்கு என்றார் அக்கா. ஆசிரியர் உடனே ஜீப்பை அனுப்பினார். மற்ற மாணவர்களின் பறப்பை நிறுத்தச் சொன்னார். திரும்பி வந்து, "டீ குடிங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பம்புசெட்டுக்காகப் புதிதாக இழுத்த கம்பி அங்கே இருந்தது என்று பிறகு தெரிந்தது.

அவர் போன பிறகுதான் அக்கா மீதியைச் சொன்னார்.

"ஏறும்போது கீழ பாத்தேன் டீச்சர். தூக்கின கை தூக்கினபடியே நிக்கிறாங்க. நான் எதுக்குப் போறேன்னு அவங்களுக்குத் தெரியல. சின்னதா ஆயிக்கினே போறாங்க. ஒவ்வொருத்தி மூஞ்சியும் எனக்குத் தெரியுது." புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். "அவனும் பாத்திருப்பான் இல்ல? இத்தினி வருசமா அவன் எங்களைப் பாக்காமயே போயிட்டான்னு நெனச்சிக்கினு இருந்தேன். பாத்துக்கினேதான் போயிருக்கான். எங்களை ஒவ்வொருத்தரையா பாத்துக்கினே போயிருக்கான்."

கணவர் இறந்த அன்று வராத அழுகை என்று கொழுந்தன் சொன்னாரே, அது அந்தப் புல்வெளியில் வந்தது. அதில் பாதி, பேர்கூடத் தெரியாத அந்த ஓட்டுநருக்காக என்று நினைக்கிறேன்.

லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். ஊரார் மாலை போட்டார்கள். எப்போது ஓட்டிக் காட்டப்போகிறாய் என்று கேட்டார்கள். நம்ம ஏரிமேல் பறக்க அனுமதி இல்லை, அவசரத்துக்கு வருகிறவர்கள் மட்டும்தான் கேட்டு வாங்கிக்கொண்டு வர முடியும் என்று விளக்கினார். "அப்ப இன்னாத்துக்கு இத்த படிச்சே?" என்று ஒரு கிழவர் நேராகவே கேட்டார். அக்கா சிரித்தார். மறுநாள் கொழுந்தனையும் என்னையும் கூட்டிக்கொண்டு பாதுகாப்புக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏறினார். பின்பக்கத் திடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் அடித்தது, தண்ணீர் எதுவரை நின்றது என்று கொழுந்தனைக் கேட்டார். பிறகு, "மரத்த வெட்டணும்" என்றார்.

கொழுந்தன் முகம் மாறியது. "அண்ணி, அது அண்ணன் வச்ச மரம்."

அது அப்போதுதான் எனக்குத் தெரியும். திடலைச் சுற்றியிருந்த நிலம் அவர்களுடையது. அந்தச் சவுக்குகளைக் கன்றாக வாங்கி வந்து நட்டவர் அவர் கணவர்.

"அவரு வச்சதுதான். கடல் காத்து ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு வச்சாரு. நல்லதுக்குத்தான் வச்சாரு" என்றார் அக்கா. "ஆனா மரமும் இருக்குது, அந்தாண்ட கரண்ட்டு கம்பியும் போவுது. எவன் எறங்குவான்?"

வெட்டும் நாளில் அவர் வீட்டில் இருந்துவிடுவார் என்று நினைத்தேன். அங்கேயே நின்றார். முதல் மரம் சாய்ந்தபோது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கடைசி மரம் வரை விடவில்லை. கடல் காற்று வரும் ஏரிப் பக்கம் ஒரு வரிசையை மட்டும் தடுப்பாக விடச் சொன்னார். இறங்குவதற்கு அது தடையில்லை என்று அதற்குள் கணக்குப் போட்டிருந்தார்.

மின்கம்பியை மாற்றுவது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி இல்லை என்றார்கள், திரும்பி வந்தார். மறுபடி போனார். வேறொருவரைப் பார்க்கச் சொன்னார்கள், திரும்பி வந்தார். எத்தனை முறை பஸ் ஏறி, வெறுங்கையோடு திரும்பி வந்தாரோ, எனக்கு நினைவில்லை. ஒரு நாள் கம்பத்தோடு லாரி வந்தது.

அதிலிருந்து அந்தத் திடல் காலியாக இருக்கிறது. மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் அக்கா அதைச் சுற்றி நடப்பார். வலை காயப்போட நல்ல இடம் என்று ஊரில் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண். கொழுந்தனே ஒருமுறை குறுக்கே கயிறு கட்டிவிட்டார்.

"அவுத்துடு அத்த."

"அண்ணி, வானத்துல ஒரு காக்கா கூட இல்ல."

"வரும்போது நீ வந்து அவுத்துக்கினு இருப்பியா? அவனுக்குக் கயிறு தெரியாதுய்யா."

கொழுந்தன் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தார்.

எனக்கு மாற்றல் வந்த வாரம் கடைசியாக அவரோடு அங்கே போனேன். அத்தனை வருடத்தில் அந்தத் திடலில் ஆடு மேய்ந்தது, பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். ஹெலிகாப்டர் எதுவும் வரவில்லை. ஊரில் சிலர் அதைச் சொல்லிக் கேலியும் செய்தார்கள்.

"இதுவரைக்கும் ஒண்ணுமே வரலையே அக்கா" என்றேன்.

"வரலைன்னா நல்லதுதானே டீச்சர்" என்றார். திடலின் நடுவில் ஒரு வேலிக்காத்தான் செடி முளைவிட்டிருந்தது. குனிந்து, முள் குத்தாமல் அடியில் பிடித்து, வேரோடு பிடுங்கி எல்லைக்கு வெளியே எறிந்தார்.